ராஜேந்திரன் பெயரில் ஓடும் மீட்டர்

1

தோஹாவில் நஜ்மா பக்கம் நாங்கள் நாலு பேர் தங்கியிருக்கும் அறைக்குக் கடிதம் வருவது அபூர்வம். கரண்ட் பில் மட்டும் மாதம் தவறாமல் வரும். வாசல் இரும்புக் கதவின் கம்பிகளுக்கு நடுவில் செருகிவிட்டுப் போவார்கள். அதன் மேல் எப்போதும் ஒரே பெயர், ராஜேந்திரன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தபோது கம்பியில் ஒரு கெட்டியான உறை இருந்தது. பில் மாதிரி மெலிசாக இல்லை. மேலே அதே பெயர். உள்ளே இரண்டு பக்கம், ஒன்று அரபியில், ஒன்று இங்கிலீஷில். நான் பத்தாவது வரைதான் படித்தவன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அர்த்தம் முழுதாகப் பிடிபடாது. உறையைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுக் குகன் வருவதற்காகக் காத்திருந்தேன்.

ராஜேந்திரன் அண்ணன் இறந்து அன்றோடு மூன்று வருஷமும் நாலு நாளும் ஆகியிருந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. நம் பக்கம் ஒருவர் இறந்தால் பத்து நாளைக்குள் விஏஓவிடம் சொல்லி, ரேஷன் கார்டில் பெயரை அடித்து, எல்லாம் முடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. எங்கள் வீடு ஒரு பழைய வில்லா. உள்ளே பலகை அடித்து அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். எங்கள் அறைக்கு மட்டும் வாசலும் மீட்டரும் ஆதியிலிருந்தே தனி. அப்படிப் பிரிக்கக் கூடாது என்பது சட்டம். மீட்டரில் பெயர் மாற்ற வேண்டுமானால் ஒப்பந்தத்தின் அசல், விசா கொடுத்த முதலாளியான கஃபீலின் கடிதம், பிறகு வீட்டைப் பார்க்க ஒரு ஆள் வருவார். அவர் வந்தால் பலகையைப் பார்ப்பார். அதனால் யாரும் மாற்றுவதில்லை. வேலை முடிந்து ஊருக்குப் போனவர், வேறு நாட்டுக்குப் போனவர், மண்ணுக்குப் போனவர் என்று எத்தனையோ பேர் பெயரில் இந்தத் தெருவில் விளக்கு எரிகிறது.

வருஷத்துக்கு ஒரு முறை கணக்கைப் புதுப்பிக்கும் தாள் வரும். அதில் கையெழுத்துப் போடுவது நான். முதல் வருஷம் அண்ணனின் பழைய தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டேன். மூன்றாவது வருஷம் தாளைப் பார்க்கத் தேவைப்படவில்லை.

2

குகன் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கிளார்க். எங்கள் அறைக்கு வரும் இங்கிலீஷ் எல்லாம் அவர் வாயால்தான் தமிழாகும். சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அண்ணை, உது பில் இல்லை."

"பின்னே?"

"புது மீற்றர் பூட்டினவையெல்லே, அதைப் பற்றினது. இப்ப அது அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா கணக்கெடுத்து ஒஃபீசுக்கு அனுப்புதாம். அந்தக் கணக்கு ஆரின்ரை சொத்தெண்டால், ஆரின்ரை பேரிலை மீற்றர் இருக்கோ அவரின்ரை சொத்தாம். வேறை ஆருக்கும் காட்டமாட்டினமாம்."

"நல்லதுதானே?"

"பொறுங்கோ. அவர் சம்மதிச்சுக் கையெழுத்து வைச்சால் இன்னொரு ஆளுக்குக் குடுப்பினமாம். ஆருக்கு, என்னத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு எண்டு மூண்டும் எழுதோணும். பெரிய கட்டடங்களிலை ஏசி பாக்கிற கொம்பனியள் கேக்கிறவை, அதுக்காகத்தான் இந்தச் சட்டமாம்."

"சரி. அதை எதுக்கு நமக்கு எழுதுறாங்க?"

குகன் என்னைப் பார்த்தார். எப்போதும் சிரித்த முகம் அவருக்கு. அப்போது சிரிப்பு இல்லை.

"எங்களுக்கு எழுதேல்லை. ராஜேந்திரனுக்கு எழுதியிருக்கினம். 'நீங்கள் மூண்டு மாசத்துக்கு முன்னம் தந்த சம்மதத்தின்படி உங்கடை அரை மணித்தியாலக் கணக்கை ஒரு வருசத்துக்குக் கீழே உள்ளவருக்கு அனுப்பிக்கொண்டு வாறம்' எண்டு இருக்கு. பேர், செல்வி ராஜேந்திரன். உறவு, மகள். காரணம், குடும்பத் தேவை."

குகன் கடிதத்தை மடியில் வைத்தார்.

"நீங்களோ அண்ணை கையெழுத்து வைச்சது?"

"சத்தியமா இல்ல."

"அப்ப ஆர் வைச்சது?"

கேட்டுவிட்டுக் குகனே கடைசி வரியைக் காட்டினார். இந்தச் சம்மதம் உங்களுடையது இல்லை என்றாலோ, திரும்பப் பெற வேண்டும் என்றாலோ, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் தன் பத்தாக்காவோடு நேரில் வர வேண்டும். பத்தாக்கா என்றால் இங்கே எல்லோரும் வைத்திருக்கும் அடையாள அட்டை.

"நேரிலை வரட்டாம்" என்றார் குகன். "ஆர் போய்க் கூட்டிக்கொண்டு வாறது?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். இருந்தாலும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அந்த ஜன்னல் ஓரக் கட்டிலைப் பார்த்தோம். அது முன்பு அண்ணனுடைய கட்டில். இப்போது என்னுடையது.

3

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராஜேந்திரன் அண்ணனுக்கு ஊர் அரியலூர் பக்கம். ராஸ் லஃபான் எரிவாயு ஆலைகளில் வேலை பார்க்கும் ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவர். மூன்றரைக்கு எழுந்து ஹீட்டர் போட்டுக் குளித்துவிட்டு நாலு மணிக்குக் கிளம்புவார். அதிகம் பேச மாட்டார். நானும் பேசாதவன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருப்போம், அதில் ஒரு நிம்மதி இருக்கும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் கட்டிலில் படுத்தார். டீ போடட்டுமா என்று கேட்டேன். பதில் வரவில்லை. வழக்கம்போல் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு டீயைப் போட்டு ஆற்றிக் கொண்டுபோய் வைத்தேன். அது தொடாமல் ஆறிக் கிடந்த பிறகுதான் அவரைத் தொட்டுப் பார்த்தேன்.

பெட்டி ஊருக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டு நாள் ஆனது. அத்தனை நாள் ஆனதால் ஊரில் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

அடுத்த வாரம் கம்பெனியில் அவர் ஓட்டிய பஸ்ஸை எனக்குக் கொடுத்தார்கள். நானும் அதே கம்பெனிதான். லைசென்ஸ் இருந்தது, தடமும் தெரியும். அறையில் ஜன்னல் ஓரக் கட்டிலும் காலியாக இருந்தது. மூன்றரைக்கு எழுகிறவன் மற்றவர்களைத் தாண்டிப் போகாமல் இருக்க அதுதான் வசதி. ஒவ்வொன்றும் தனித்தனியாக, நியாயமாகத்தான் நடந்தது. எல்லாம் சேர்ந்து என்ன ஆகிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

4

இரண்டு டிரிப்புக்கு நடுவில் மின்சார ஆபீசுக்குப் போனேன். டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்தவர் வடக்கத்திக்காரர், நல்ல மாதிரி.

"ஆப் ராஜேந்திரன் ஹை?" ராஜேந்திரன் நீங்கள்தானா என்று கேட்டார்.

"நஹி பாய். ரூம் மே சாத் ரஹ்தா ஹூம்." ஒரே அறை என்று சொன்னேன்.

அவர் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். கணக்குக்காரரிடம்தான் பேசுவோம் என்றார். இந்தச் செல்வி யார், எங்கே இருக்கிறார், ஒரு போன் நம்பராவது கொடுங்கள் என்று கேட்டேன். அதுவும் முடியாதாம். கணக்கு எப்படி ஒருவருக்குச் சொந்தமோ, அதை வாங்குகிறவரின் விவரமும் அப்படித்தானாம். கணக்குக்காரர் வந்து கேட்டால் சொல்வார்களாம்.

"வோ கிதர் ஹை? டியூட்டி?"

அவர் எங்கே, வேலைக்குப் போயிருக்கிறாரா என்று கேட்கிறார். இறந்துவிட்டார் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் சொன்னால் கணக்கை மூடுவார்கள், கரண்ட்டை வெட்டுவார்கள், வெட்ட வருகிற ஆள் பலகையைப் பார்ப்பார். அந்த வில்லாவில் இருக்கும் எல்லோரும் தெருவுக்கு வர வேண்டும். நான் தலையை ஆட்டினேன்.

"டியூட்டி" என்றேன்.

"அச்சா. லீவு கிடைக்கும்போது வரச் சொல்லுங்கள்" என்று சிரித்த முகத்தோடு அடுத்த டோக்கனை அழைத்தார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஹீட்டர் சுவிட்சைப் போடும்போது விரல் நிற்கும். எங்கேயோ ஒரு தாளில் இப்போது ஒரு எண் ஏறுகிறது, அதை யாரோ பார்க்கிறார்கள், ராஜேந்திரன் எழுந்துவிட்டார் என்று நினைக்கிறார்கள் என்று தோன்றும். பல் தேய்க்கும்போதுகூடச் சத்தம் வராமல் தேய்த்தேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டு மூன்று வெள்ளிக்கிழமைகளாக எதிர் பக்கம் மளிகைக் கடை நிழலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் பை, தலையில் துப்பட்டா. கடைக்கு வந்தவள் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவள் கடையைப் பார்க்கவில்லை. எங்கள் சுவரில் இருக்கும் மீட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஜும்மா தொழுகைக்குக் கடை அடைத்துவிடுவார்கள் என்று குகன் முன்பே மீன் வாங்கி வந்து உள்ளே கழுவிக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு பேரும் தூக்கம். நான் வாரத்துக்குத் தேவையான யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஒரு கையால் திறந்தேன்.

அந்தப் பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும்.

"ராஜேந்திரன் இருக்காரா?" என்றாள்.

தமிழில் கேட்டாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போனது.

"நான் அவரு பொண்ணு" என்றாள். "செல்வி."

குகன்தான் வந்து அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, வந்து எட்டு மாதம் ஆகிறது என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். கட்டம் கட்டமாக எண்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, வரிக்கு நாற்பத்தெட்டுக் கட்டம்.

"அப்பா பத்தாக்கா நகல் வீட்ல இருந்துச்சு. அதை வச்சு அவரு பேர்ல எது எது இருக்குன்னு பாத்தேன். பேங்க் மூடியாச்சு, போன் மூடியாச்சு. கரண்ட் மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. செத்தவரு எப்படி சித்தப்பா கரண்ட் எரிப்பாரு?"

என்னைச் சித்தப்பா என்று அவள் அழைத்தது அப்போதுதான் மனதில் பட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தச் சம்மதத் தாளிலை கையெழுத்து?" என்று கேட்டார் குகன்.

"நான் போட்டதுதான். அஞ்சாவதிலேருந்து ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தை நான்தான் போடுவேன். அவரு எங்க இருந்தாரு, இங்கதான இருந்தாரு." பிறகு என்னிடம், "போன வருஷம் புதுப்பிச்ச தாள்ல போட்டது நீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா."

"சம்மதத் தாளைக் குடுக்கப் போனப்போ கவுண்டர்ல அதை எடுத்து ஒத்துப் பாத்தாங்க. கடைசிச் சுழிய அப்பா அவ்ளோ நீட்ட மாட்டாரு."

குகன் சிரிக்கப் பார்த்து, அடக்கிக்கொண்டார். "என்ரை கடவுளே, ஒருத்தருக்கு ரெண்டு கை" என்று முணுமுணுத்தார்.

நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீயைப் போட்டது, ஆறியது, தொட்டது. பஸ், கட்டில், ஹீட்டர். ஒரே மூச்சில் அத்தனை பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவள் அழவில்லை. நர்ஸ் வேலை பார்ப்பவள், கேட்கத் தெரிந்தவள்.

"எனக்குத் தெரியும் சித்தப்பா. சர்டிஃபிகேட்டப் பாத்தேன், அதுல இருக்கறதை எனக்குப் படிக்கத் தெரியும். அம்மாதான் நம்பல. மொகத்தைப் பாக்கல இல்ல. பொட்டிக்குள்ள யாரோன்னு சொல்லிக்கிட்டு இருக்கு. மூணு வருஷமா தெவசம் குடுக்க விடல. கரண்ட் ஓடுதுன்னு நான் ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிட்டேன். அன்னைலேருந்து லிஸ்ட்ட வாங்கிப் படிச்சுக் காட்டுன்னு ஒரே பிடிவாதம். வாராவாரம் போன்ல படிக்கிறேன்."

"படிச்சா?"

அவள் விரலை ஒரு கட்டத்தில் வைத்தாள். "இது மூணரை. 'அது அவரு குளிக்கிற நேரம்'னுச்சு." விரல் கீழே இறங்கி ஒரு வெள்ளிக்கிழமை வரிக்குப் போனது. "இது பத்து மணி. வாரத்துல இந்த ஒரு நாள்தான் இந்த நேரத்துல இவ்ளோ ஏறுது. எனக்கு என்னன்னு புரியல. அம்மா கேட்ட ஒடனே சொல்லிருச்சு. 'வெள்ளிக்கெழம பத்து மணிக்கு துணி தேச்சுக்கிட்டேதான்டி எனக்குப் போன் பண்ணுவாரு'ன்னு."

அது உண்மை. அண்ணன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு தேய்ப்பார். அந்த இஸ்திரிப் பெட்டியும் அவருடையதுதான். அவர் போன பிறகு வீணாகக் கிடக்க வேண்டாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் தேய்த்த நாளிலேயே நானும் தேய்த்தேன். வேறு நாள் லீவு இல்லை.

"அம்மா கண்ணுக்கு அவரு இங்க உசுரோட இருக்காரு. வேற குடும்பம் வச்சிக்கிட்டு இருக்காரு. மூணரைக்கு எந்திரிக்கறாரு, வெள்ளிக்கெழம தேய்க்கறாரு, ஆனா போன் மட்டும் பண்ண மாட்டேங்கறாரு. நெனச்சுப் பாருங்க." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "செத்துட்டாருன்னா அழுது தீத்துரும். இது அதைவிட மோசம். சாப்பிடறதே இல்ல சித்தப்பா. தெருவுல நின்னு பாத்தப்போ எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துச்சு. நீங்க சொன்னாத்தான் அம்மா நம்பும். நீங்கதான் கூட இருந்தவரு."

6

மூன்று வருஷத்துக்கு முன்பே நான் அந்த அம்மாவிடம் பேசியிருக்க வேண்டும். அப்போது கம்பெனி ஆள்தான் பேசினார். எனக்குக் கூச்சம். இறந்தவர் வீட்டுக்காரியிடம் என்ன பேசுவது, எப்படித் தொடங்குவது என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதில் அவருக்கு மூன்று வருஷம் போய்விட்டது.

செல்வி ஊருக்குப் போன் போட்டு, கொஞ்சம் பேசி, என்னிடம் கொடுத்தாள்.

"அண்ணி, நான் முருகேசன். அண்ணன் கூட ரூம்ல இருந்தவன்."

"அவரு பக்கத்துல இருக்காரா தம்பி?"

"இல்லண்ணி. அண்ணன் போயிட்டாரு. நான்தான் முதல்ல பாத்தேன். என் கையாலதான் துணி மாத்துனேன். மொகம் பாத்துதான் பொட்டியில வச்சோம். அவருதான் அண்ணி."

"அப்ப மூணரைக்கு யாரு?"

"நான்தான் அண்ணி. அவரு பஸ்ஸ நான்தான் ஓட்டுறேன்."

"துணி தேய்க்கறது?"

"அதும் நான்தான். அவரோட இஸ்திரிப் பொட்டி. மன்னிச்சுக்குங்க."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அவர் மெதுவாக, கோர்ட்டில் கேட்பதுபோலக் கேட்டார்.

"ரெண்டு மாசம் முன்னால ஒரு வெள்ளிக்கெழம. செல்வி படிச்சா. அன்னைக்கு ரூம்ல எதுவுமே ஓடல. ஏசி ஓடல, லைட் ஓடல. காலைலேருந்து ராத்திரி வரைக்கும் சைபர். பத்து மணிக்கு மட்டும் ஏறிருக்கு. தேய்க்கற பொட்டி மட்டும் ஓடிருக்கு. அன்னைக்கும் நீங்கதான் தேச்சீங்களா தம்பி?"

செல்வி அந்தத் தாளைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தாள். தேதியைப் பார்த்தேன். வரி முழுக்க சைபர். நடுவில் ஒரே ஒரு கட்டத்தில் எண்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பலகை அடித்த வில்லாக்களைப் பார்க்க பலதியாக்காரர்கள், அதாவது முனிசிபாலிட்டி ஆட்கள், வருகிறார்கள் என்று வில்லாக்காரர் முந்தின நாளே சொல்லிவிட்டார். மெயினை அணைத்துவிட்டு, பூட்டிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும், ஆள் இருக்கிற சுவடே தெரியக் கூடாது என்றார். வியாழன் படுக்கும்போதே மெயினை நான்தான் கீழே இறக்கினேன். விடியும்போது கதவைப் பூட்டியதும் நான்தான். நாலு பேரும் பகல் முழுக்கக் கடற்கரைப் பூங்காவில் மரத்தடியில் கிடந்துவிட்டு நடுராத்திரிக்கு மேல்தான் திரும்பினோம். ஒரே ஒரு சாவி. அது என் பாக்கெட்டில் இருந்தது.

நிமிர்ந்து குகனைப் பார்த்தேன். அவரும் தேதியைப் பார்த்துவிட்டார். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது, துடைக்க மறந்து நின்றார்.

"தம்பி?" என்றது போன். அந்தக் குரலில் இன்னும் ஒரு இழை ஆசை இருந்தது. நான் இல்லை என்று சொன்னால் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு அவர் இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருப்பார்.

"ஆமாண்ணி" என்றேன். "அன்னைக்கும் நான்தான் தேச்சேன்."

பெருமூச்சு ஒன்று வந்தது. பிறகு அழுகை. மூன்று வருஷமாக வராத அழுகை என்று கேட்டாலே தெரிந்தது. செல்வி போனை வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

"மீற்றர் பிழை அண்ணை" என்றார் குகன், என்னைப் பார்க்காமல். "புது மீற்றர் எல்லே. பிழை விடும்."

"இருக்கும்" என்றேன்.

7

அடுத்த மாதம் ஊரில் தெவசம் கொடுத்தார்கள். செல்வி லீவு போட்டுப் போய் வந்தாள். அம்மா சாப்பிடுகிறது, உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது என்று போனில் சொன்னாள். லிஸ்ட்டைப் பற்றி அம்மா அப்புறம் பேசவே இல்லையாம்.

லிஸ்ட் இன்னும் அவளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு என்று எழுதியாகிவிட்டது. இடையில் நிறுத்த வேண்டுமானால் ராஜேந்திரன் நேரில் வந்தாக வேண்டும். வருஷம் முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அவள் அதைப் பிரித்துப் பார்க்கிறாளா என்று நான் கேட்டதில்லை.

என் மகள் போனில், "வெள்ளிக்கிழமைகூட எங்கயும் போகாம ரூம்லயே என்னப்பா பண்ணுறீங்க, கூட இருக்கறவங்களோட வெளிய போனா என்ன?" என்று கேட்கிறாள். வேலை இருக்கிறது என்று சொல்கிறேன். சிநேகிதர்கள் சாப்பிடக் கூப்பிட்டாலும், சாமி கும்பிடக் கூப்பிட்டாலும் பதினொரு மணிக்குப் பிறகுதான் கிளம்புவேன். தேய்க்கத் துணி இல்லாவிட்டாலும் பெட்டியைச் சூடாக்கித் தேய்த்த துணியையே இன்னொரு தடவை தேய்க்கிறேன். அந்தப் பத்து மணிக் கட்டத்தில் ஒரு எண் ஏறினால், அதை ஏற்றியது நானாக இருக்க வேண்டும்.